முழங்கால் நோவை ஏன் மறைக்கிறோம்?



கடந்த மாதம் ஹந்தானைப் பக்கம் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன். 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு, கண்டியில் மகளோடு வந்து இருப்பவர். வீட்டிலிருந்து வீதிக்கு அறுபது படிக்குமேல். மூன்று மாதமாக அவர் கீழே இறங்கவில்லை. தலையணைக்குக் கீழே கடையில் வாங்கிய நோக்குளிசைகள்.

"எலும்பு தேய்ஞ்சு போச்சு பிள்ளை, இனி ஒண்டும் செய்யேலாது" என்றார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். "எத்தினை சனம் செத்துப்போச்சு. முழங்கால் நோகுதெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

தேய்மானம் என்ற சொல்தான் நம்மைக் கைவிடச் செய்கிறது. மூட்டு வண்டிச்சில்லு அல்ல. என்பு நுனியை மூடியிருக்கும் கசியிழையத்தில் குருதிக்கலனும் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கு நோவே தெரியாது. மூட்டுவாதத்தில் மூட்டின் உட்சவ்வு அழற்சியடைந்து வீங்குகிறது. அந்த அழற்சி புதிய குருதிக்கலன்களை வளரச் செய்கிறது. அவை அடியிலுள்ள என்பிலிருந்து கசியிழையத்துக்குள்ளும் புகுகின்றன. கூடவே நரம்பிழைகளும் போகின்றன. நோவுக்கு இதுவும் ஒரு காரணம். தேய்ந்தது திரும்ப வளராது. ஆனால் அழற்சியைத் தணிக்கலாம்.

ஜப்பானிய வைத்தியர் யூஜி ஒகுனோவும் குழுவினரும் இந்தப் புதுக் கலன்களை நுண்குழாய் வழியாக அடைத்து, நோவு குறைந்ததாக 2015இல் எழுதினார்கள். அது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. நமக்கு அதைவிடக் கிட்டிய வழிகள் உண்டு.

முதலில் குளிசை. டைக்ளோபெனாக் அழற்சியைக் குறைக்கும்தான். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பிரஷரும் ஏறும். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர்! மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முழங்காலுக்கு அதே மருந்து பூசும் களிம்பாகவும் இருக்கிறது. வயிற்றுக்கு அவ்வளவு கெடுதி இல்லை. கிளினிக்கில் கேளுங்கள்.

அடுத்தது தொடைத்தசை. கதிரையில் இருந்து காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம். தொடை பலமானால் மூட்டின் சுமை குறையும். உடல் பருத்தவர்கள் கொஞ்சம் இளைத்தாலும் ஆறுதல் தெரியும். முழங்கால் திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது வேறு வருத்தம்; அன்றைக்கே காட்ட வேண்டும்.

அந்த அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். போன கிழமை நான் போனபோது பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். "இவ்வளவும் நானாத்தான் இறங்கினனான்" என்றார்.