எண்ணங்களின் வரிசைக்கு யார் சொந்தக்காரர்?

கட்டுரை எழுத உட்காருகிறவர் முதலில் தலைப்புகளையும், அவற்றின் கீழ் உட்தலைப்புகளையும், அவற்றுக்கும் கீழே சில்லறைக் குறிப்புகளையும் ஒரு தாளில் கிரமமாக எழுதிக்கொள்வது புராதனமான வழக்கம். நடுவில் ஒரு குறிப்பை இடம் மாற்ற நேர்ந்தால் அடித்துத் திருத்துவதன்றி வேறு உபாயமில்லை என்ற சிரமத்தைத் தீர்க்க வந்ததே 'அவுட்லைனர்' எனப்படும் கணினி மென்பொருள்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மாநாடொன்றில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட், கடையில் வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலைத் திரையில் வகை வகையாகப் பிரித்து, வேண்டியபோது விரித்தும் வேண்டாதபோது மடக்கியும் காட்டினார். ஆனால் அந்தச் சௌகரியம் மென்லோ பார்க்கில் இருந்த ஒரு பெரிய இயந்திரத்தின் தயவில் நடந்தது. 1983-இல் டேவ் வைனரின் நிறுவனம் 'திங்க்டேங்க்' மூலம் அதை ஆப்பிள் II வைத்திருந்த சாமானியர்களின் மேஜைக்குக் கொண்டுவந்தது. பின்பு 1986-இல் மெக்கின்டாஷுக்கென்று அதே நிறுவனம் வெளியிட்ட 'மோர்', தலைப்புகளையே சொற்பொழிவுக்கு உகந்த படவில்லைகளாக மாற்றிற்று. ஒரு தலைப்பை மட்டும் தனித்துக் காட்டி மற்றவற்றை மறைப்பதும், ஒரே குறிப்பை இரண்டு இடங்களில் வைத்து, ஒன்றைத் திருத்தினால் மற்றதும் தானே திருந்தச் செய்வதும் அதன் விசேஷங்கள்.

இவ்வளவும் அப்போதே கைவந்திருக்க, இன்று அவை பன்மடங்கு விருத்தியடைந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பே. நடந்ததோ வேறு. விண்டோஸில் பலர் பிரியமாக உபயோகித்த 'எக்கோ புரோ' என்ற அவுட்லைனர் 1997-இல் கைவிடப்பட்டது; 2006-இல் இன்டெல் சில்லுடன் வந்த மெக்கின்டாஷ்கள் பழைய நிரல்களுக்கு இடம் தராமற் போகவே, 'மோர்' ஓடுவதற்கு இயந்திரமே அருகிப்போயிற்று. 2010-இல் இணையத்தில் பிறந்த 'வொர்க்ஃப்ளோவி', ஒரே குறிப்பை இரண்டு இடங்களில் காட்டும் வசதியைப் பத்தாண்டு கழித்துச் சேர்த்தபோது, அது புதுமை என்றே பலருக்குத் தோன்றிற்று. ஒவ்வொரு முறை மேடை மாறும்போதும் நாடகத்தை முதற்காட்சியிலிருந்து ஆடவேண்டிய நிர்ப்பந்தம் அல்லவா இது?

இதற்கு மாற்று இல்லாமலில்லை. வானியல் அறிஞர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய 'ஆர்க் மோட்', தலைப்பின் படிநிலையை நட்சத்திரக் குறிகளின் எண்ணிக்கையால் காட்டி, யாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்பிலேயே வைக்கிறது. அந்த மென்பொருள் மறைந்தாலும் கோப்பைத் திறந்து வாசிக்கலாம். அத்தகைய கோப்பில் எல்லா நுட்பங்களும் அடங்கா என்று கூறுவோரின் ஆட்சேபம் நியாயமானதே. எனினும் நுட்பத்தைப் பிற்பாடு வேறொருவர் மீண்டும் செய்து தரக்கூடும், பல ஆண்டுகள் சிந்தித்து அமைத்த வரிசையை வேறொருவர் செய்து தர இயலாது.

ஆகவே, புதிய அவுட்லைனருக்குப் பணம் கொடுக்குமுன், பத்துத் தலைப்புகளை அதில் எழுதி, வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். தாயும் சேயுமாகத் தலைப்புகள் அங்கும் கூடியிருந்தால் வாங்கலாம். சிதறிக் கிடந்தால், பழைய தாளே மேல்.