விலைக்காக இளங்காயைப் பறிக்கலாமா?

கோடை பிறக்குமுன் சந்தைக்கு வரும் மாம்பழத்துக்கு விலை அதிகம், ருசி குறைவு. கண்டரமாணிக்கம் வட்டாரத்தில் பத்து மரம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் அந்த விலையின்மேல் ஆசை வருவது இயல்பே. ஆனால் அதனால் பெயர் கெடுவது அவருக்குத்தான்.

மாங்காய் முற்ற முற்ற அதில் மாவுச்சத்து சேர்கிறது. பழுக்கும்போது அதுவே சர்க்கரையாகிறது. இளங்காயில் மாவுச்சத்து குறைவு. கார்பைடு கல் வைத்தால் தோல் மஞ்சளாகும். உள்ளே புளிப்பு மாறாது, மணமும் வராது. அவ்வாறு பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன.

பருவம் தப்பிய பழம் எல்லாமே மட்டம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு பருவமழையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் மா இடைப்பருவத்திலும் காய்க்கிறது. மரத்திலேயே முற்ற விட்டுப் பறித்தால் அந்தப் பழமும் இனிக்கும். ஆகவே, குறையெல்லாம் பறிக்கும் பக்குவத்தில்தான் இருக்கிறது.

காம்பின் இருபுறமும் தோள் புடைத்து, காம்படி குழி விழுந்த காயே முற்றிய காய். தண்ணீரில் போட்டால் அது அமிழும்; இளங்காய் மிதக்கும். தோப்பைக் குத்தகை எடுத்த வியாபாரி அவசரப்படுத்தினாலும், முற்றும்வரை பறிக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நலம். முற்றிய காயைக் காம்புடன் பறித்து, வைக்கோலில் பழுக்க வைத்து விற்கலாம். கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தாலும், வாங்கியவர் அடுத்த வாரமும் தேடி வருவார்.