முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

சென்ற காலபோகத்தில், இயந்திரம் இறங்க முடியாத மூலையில் அருவி வெட்டிக்கொண்டு நின்றபோது புடையன் தீண்டி, சிறுநீரகம் செயலிழந்து மூன்றாம் நாள் மரித்த தம்பியை எமது பங்கு மக்கள் அனைவரும் அறிவர். முப்பது வயது நிறையவில்லை. 1990களின் பிற்பகுதியில் மடு அகதி முகாமில் பிறந்து, 2009இல் செட்டிகுளம் மனிக்பாம் கூடாரத்தில் சிறுவனாய் இருந்தவர். பின்னர் தம் பெயருக்குக் கிடைத்த இரண்டு ஏக்கர் பெர்மிற் காணியில் கட்டை பிடுங்கி வரம்பு கட்டினார். ஊரில் யாருடைய வோட்டர் பம் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். கூலி கேட்டதில்லை. ஒரு தேநீர் போதும்.

இருபத்தாறு வயது மனைவியையும், இரண்டு பிள்ளைகளையும், கண் தெரியாத தாயையும், உரக்கடைக் கடனையும் விட்டுச் சென்றிருக்கிறார்.

அடக்கச் சடங்கை ஊர் குறைவின்றிச் செய்தது. ஆனால் முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து பந்தியில் இருக்கும்போதே ஒரு பெரியவர், "பாதர், பிள்ளை இளம் வயது. நாளைக்கு இன்னொரு கலியாணம் எண்டால் காணி வெளியே போயிடும். தமையன் செய்யட்டுமே" என்றார். தலையாட்டியவர்கள் பலர். தமையன் நல்லவர்தான். இருந்தும் இந்த யோசனையை என்னால் ஏற்க முடியாது. காட்டை வெட்டியபோது கல்லும் வேரும் சுமந்தவள் அந்தப் பிள்ளையும்தான்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிற்காரர் இறந்தால் காணியை அனுபவிக்கும் உரிமை முதலில் வாழ்க்கைத்துணைக்கே. ஆனால் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் அந்த உரிமை போய்விடும். துயரத்தில் தாய்வீட்டுக்குப் போகும் விதவைக்கு ஆறு மாதம் எம்மாத்திரம்? ஒரு போகம் தரிசாய்க் கிடந்தால் முடிந்தது. ஆண்பிள்ளைகளுக்கு முதலிடம் தந்த பழைய வாரிசு ஒழுங்கை 2022இல் திருத்தினார்கள். எங்கள் பந்தி இன்னும் திருந்தவில்லை.

இன்னொன்று. இடம்பெயர்வின் அவசரத்தில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் எம்மிடையே அநேகம். பதிவில்லாவிட்டால் சட்டத்தின் முன் மனைவி என்று நிரூபிப்பது பெரும்பாடு. அதை உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். பின்னுரித்தாளரின் பெயரையும் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். அதைப் பேசினால் சாவை அழைப்பதாகும் என்று ஆண்கள் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். வயலில் இறங்கும்போது சப்பாத்துப் போடச் சொன்னாலும் அதே முகந்தான்.

மரணச் சான்றிதழும் விவாகப் பதிவும் எடுத்தாயிற்று. கிராம அலுவலரிடம் அவருடன் மாதர் சங்கத்தினர் இருவர் போய்வந்தார்கள். ஈரம் காயுமுன் உழுந்து போட்டிருக்கிறார். களை எடுக்க ஆள் தேவை. புரட்டாதியில் புழுதி உழவு. உழவு இயந்திரம் வைத்திருப்போர் தங்களால் இயலும் நாளைச் சங்கத் தலைவியிடம் சொல்லிவையுங்கள். தமையன் விதைநெல் இரண்டு மூடை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.