உத்தரியமும் தாயத்தும்

ஜூலை 16ஆம் தேதி உத்தரிய மாதா திருநாள். அன்று பூசை முடிந்ததும், பலிபீடத்துக்கு முன்னே வரிசையாக முழந்தாளிட்டிருக்கும் சிறுவர் சிறுமியரின் கழுத்தில், இரண்டு சிறிய பழுப்புக் கம்பளித் துண்டுகளை இரண்டு கயிறுகளால் இணைத்து, ஒன்று மார்பிலும் மற்றொன்று முதுகிலும் படியும்படி அமைத்த உத்தரியத்தைக் குருவானவர் அணிவிப்பது கத்தோலிக்கர் நெடுங்காலமாகப் பேணிவரும் சம்பிரதாயம். அணிந்த பிள்ளை வீடு திரும்பும் வழியில், "இனிமேல் உன்னைப் பேய் பிசாசு ஒன்றும் அண்டாது, தண்ணீரில் விழுந்தாலும் சாகமாட்டாய்" என்று பாட்டி சொல்லுவாள். பிள்ளையும் நம்பும். கோயிலில் வாங்கிக்கொண்டது ஒன்று, வீடு வந்து சேர்ந்தது வேறொன்று என்று ஆகிவிடுவதற்கு அந்தச் சிறு வழிநடையே போதுமானதாக இருக்கிறது.

பாட்டியைக் குறை கூறுவது எளிது, நியாயமாகாது. அரைஞாணில் கோத்த தாயத்து, தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு, அம்மன் திருவிழாவுக்குக் கட்டும் காப்பு, திருஷ்டிக்கென்று காலில் கட்டும் கறுப்புக் கயிறு ஆகிய இவற்றுக்கு நடுவே பிறந்து வளர்ந்து, பிள்ளைகள் பெற்று, அப்பிள்ளைகளில் ஒன்றிரண்டைப் பறிகொடுத்தும் இருக்கக்கூடிய ஒருத்தி, உத்தரியத்தையும் அந்த வரிசையிலேயே வைத்து எண்ணியதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. இதைக் கண்டு, "சிலுவை போட்ட தாயத்து, அவ்வளவுதானே" என்று நகைக்கும் படித்தவர்கள் பாட்டியைக் காட்டிலும் அதிக தூரம் யோசித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பொருளுக்குள்ளே சக்தி இருக்கிறதா என்பதொன்றே இரு தரப்பாரும் கேட்கும் கேள்வி. பாட்டி உண்டென்கிறாள், இவர்கள் இல்லையென்கிறார்கள். எதற்கு உடன்பட்டு ஒருவர் அதை அணிந்துகொண்டார் என்பதை இருவருமே விசாரிப்பதில்லை.

உத்தரியம் பிறந்தது உழைப்பிலிருந்து. மடங்களில் வாழ்ந்த துறவிகள் வயலிலும் மடைப்பள்ளியிலும் வேலை செய்யும்போது அங்கி அழுக்குப்படாதிருக்கும் பொருட்டுத் தோள்மேல் போட்டு முன்னும் பின்னும் தொங்கவிட்ட நீண்ட துணியே அதன் மூலம். நாளடைவில் அது துறவுடையின் ஓர் அங்கமாயிற்று. கார்மேல் சபைத் துறவிகளின் ஞான வாழ்வில் பங்குபெற விரும்பிய இல்லறத்தாருக்கு அவ்வுடையின் சுருங்கிய வடிவம் வழங்கப்பட்டது. 1251ஆம் ஆண்டில் அச்சபையின் தலைவரான சீமோன் ஸ்டாக் என்பவருக்கு மாதா காட்சி தந்து, இதை அணிந்து மரிப்பவர் நித்திய அக்கினிக்கு ஆளாகார் என்று வாக்களித்ததாகப் பரம்பரைச் செய்தி ஒன்று உண்டு. அதற்குரிய எழுத்து ஆதாரங்கள் மிகவும் பிற்பட்டவை என்று சரித்திர ஆசிரியர் ஐயுறுகின்றனர். அந்த விவாதத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம். வாக்குறுதியை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான், அக்காட்சியின் எழுநூறாம் ஆண்டு நிறைவு நெருங்கிய 1950இல், பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் கார்மேல் சபையாருக்கு எழுதிய நிருபத்தில், உத்தரியம் அணிந்தோம் என்ற தைரியத்தில் ஆன்ம காரியங்களில் சோம்பியிருக்கலாகாது என்று எச்சரித்தார். உழைக்கும்போது போட்டுக்கொண்ட உடை, உழையாதிருப்பதற்கு அனுமதிச் சீட்டாக எப்படி ஆகும்?

இதற்கெல்லாம் மேலாக, உத்தரியம் பற்றிய அனுஷ்டானத்தில் ஒரு சிறு விதி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. குருவானவர் ஒருமுறை முறைப்படி அணிவித்துவிட்ட பிறகு, அந்தத் துணி நைந்து அறுந்துபோனால், புதியதொன்றை வாங்கி அவரவரே அணிந்துகொள்ளலாம். அதை மறுபடியும் மந்திரிக்க வேண்டிய அவசியமில்லை. ஏனென்றால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மனிதர். துணி வெறும் அடையாளம். தாயத்து எழுதிக் கொடுப்பவரிடம் போய், "நீங்கள் தந்த தகடு தொலைந்துவிட்டது, பாத்திரக் கடையில் ஒரு செப்புத் தகடு வாங்கி நானே கட்டிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்; இரண்டு பொருள்களுக்கும் உள்ள வித்தியாசம் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

வேதாகமத்தில் இதற்கு நேரான சான்று, பன்னிரண்டு ஆண்டு உதிரப்பெருக்கினால் வருந்திய பெண் ஒருத்தியின் வரலாறு. கூட்டத்தின் ஊடே வந்து இயேசுவின் ஆடையைத் தொட்டாள், தொட்டவுடன் குணமடைந்தாள். ஆடைக்கே வல்லமை உண்டென்று வாதிக்க விரும்புவோர் இவ்விடத்தைக் காட்டுவது வழக்கம். என்னைத் தொட்டது யார் என்று அவர் கேட்டபோது சீடர்கள் திகைத்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்: நாலாபுறமும் ஜனங்கள் நெருக்கிக்கொண்டிருக்கையில் தொட்டவர் யார் என்று எப்படிச் சொல்வது? அந்த நெரிசலில் அதே ஆடையில் பட்ட கைகள் எத்தனையோ இருந்திருக்கும். நற்செய்தி கூறுகிறபடி அப்பொழுது குணமடைந்தவள் அவள் ஒருத்தியே, அவளைக் குணமாக்கியது அவளுடைய விசுவாசம் என்றே இயேசுவும் உரைத்தார். அவள் தொட்டதாக மத்தேயு குறிப்பிடும் ஆடையின் ஓரம், கட்டளைகளை மறவாதிருக்கும்படி இஸ்ரயேலர் உடுப்பின் முனைகளில் வைத்துக்கொள்ளுமாறு எண்ணிக்கை ஆகமம் விதித்த தொங்கலே என்று அறிஞர் பலர் கொள்வர். நினைவூட்டும் சின்னம் என்ற கருத்து இக்காலத்தார் மழுப்பலாகக் கண்டுபிடித்த விளக்கம் அன்று என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

சின்னம் மந்திரமாக மாறும் ஆபத்தும் அதே அளவு பழமையானது. பாலைவனத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை, பிற்காலத்தார் அதற்கே தூபம் காட்டத் தொடங்கியதைக் கண்டு, எசேக்கியா அரசர் உடைத்துப்போட்டார். இறைவன் ஆணைப்படி செய்யப்பட்ட பொருள் என்ற பெருமை அதைக் காப்பாற்றவில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரத்துக் கிறிஸ்தவர்கள் மகா அலெக்சாந்தருடைய நாணயங்களைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொண்டு திரிந்ததைப் புனித யோவான் கிறிசோஸ்தோம் கடுமையாகக் கண்டித்தார். அந்த நூற்றாண்டிலேயே லவோதிக்கேயா சங்கம், குருக்களே தாயத்துச் செய்து கொடுப்பதைத் தடுக்க ஒரு விதி இயற்ற வேண்டியிருந்தது என்றால், நோய் எவ்வளவு உள்ளே புகுந்திருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் சுரூபங்களைப் பற்றித் தீர்மானித்தபோது, அவற்றினுள் தெய்வத்தன்மையோ வல்லமையோ குடிகொண்டிருப்பதாக நம்பி அவற்றை வணங்கலாகாது என்றும், செலுத்தும் மரியாதை அவை குறிக்கும் ஆட்களையே சேரும் என்றும் திட்டமாக வரையறுத்தது. மூடநம்பிக்கையோடு இழிவான ஆதாயத்தையும் விலக்கவேண்டும் என்று சேர்த்துச் சொன்னது அதனினும் பெரிது. இவ்விரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள்.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் ரோமாபுரி வரையில் சென்றது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக நிலையைக் காட்டும் அடையாளங்களேயன்றி விக்கிரக ஆராதனை அல்ல என்று வாதாடி, தம் சபையினரில் சிலராலேயே தூற்றப்பட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அளித்த தீர்ப்பு அவருக்குச் சாதகமாக அமைந்தது: மூட எண்ணங்களை நீக்கி, கோயிற் சடங்குகளை விட்டு, கத்தோலிக்கக் குருவின் கையால் ஜெபத்தோடு பெற்றுக்கொள்வதாயின் பூணூல் அணியலாம். நூல் மாறவில்லை, யார் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்பது மாறவேண்டியிருந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1703இல், புதுச்சேரிக்கு வந்திறங்கிய பாப்பரசரின் தூதர் துர்னோன் அவ்வளவு தாராளமாக இல்லை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அவர் தடுத்ததோடு, மஞ்சள் பூசிய 108 இழைக் கயிற்றையும் தடுத்தார்; தாலி வேண்டுமென்றால் சிலுவையோ மாதா உருவமோ பொறித்ததாக இருக்கட்டும் என்றார். சிலுவைத் தாலி நிலைத்துவிட்டது. மஞ்சள் கயிற்றைப் பற்றிய தடை என்னவாயிற்று என்பதை எந்தக் கத்தோலிக்கத் திருமண வீட்டிலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்! தூதர் கயிற்றுக்குள் தேடியது அங்கே இல்லை என்று நம் பெண்கள் சத்தமில்லாமல் தீர்மானித்துவிட்டார்கள். அத்தீர்மானம் சரி என்பதே என் அபிப்பிராயம்.

அற்புதப் பதக்கத்தின் கதை வேறு வகை. 1830 நவம்பர் 27ஆம் தேதி பாரிஸ் நகரத்து மடத்துக் கோயில் ஒன்றில், கத்தரீன் லபூரே என்னும் இளங்கன்னிகைக்கு மாதா காட்சியளித்து, இன்ன மாதிரி ஒரு பதக்கம் செய்யச் சொன்னதாக அவர் தம் ஆன்ம குருவிடம் தெரிவித்தார். 1832இல் பதக்கம் வார்க்கப்பட்டது. அவ்வாண்டு அந்நகரில் காலரா பரவியிருந்தது. கன்னியர்கள் அதை நோயாளிகளிடையே வழங்கினார்கள். அற்புதம் என்ற பெயரை ஜனங்கள் வைத்தார்கள். அமலோற்பவத்தைக் குறித்த பதக்கம் என்ற அதன் முதற் பெயரை இன்று பெரும்பாலோர் அறியார். அதன் விளிம்பைச் சுற்றிலும் பொறிக்கப்பட்டிருப்பது ஒரு சிறு பிரார்த்தனை. சொல்லுவதற்கென்று அமைந்த அதைச் சொல்லாமல் பதக்கத்தை மட்டும் தொங்கவிட்டுக்கொள்பவர், வந்த கடிதத்தை உறையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருப்பவரே ஆவார். காட்சி கண்ட கன்னிகையோ, அது தாம்தான் என்பதை ஊரார் அறியாதபடி மறைத்து, 1876இல் மரிக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முதியோர் இல்லம் ஒன்றில் கிழவர்களுக்குப் பணிவிடை செய்தே காலங்கழித்தார்.

தினமும் கழுத்தில் கிடப்பது கொஞ்ச நாளில் கண்ணுக்கும் கருத்துக்கும் தெரியாமற் போய்விடுமே, அப்புறம் நினைவூட்டுவதாவது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, முழு விடை எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் உடுத்தும்போது உத்தரியத்தை முத்தமிட்டு அணியும் பழக்கத்தை முன்னோர் ஏற்படுத்தியது இந்த மறதியை அஞ்சித்தான் என்று தோன்றுகிறது. 1910இல் பாப்பரசர் பத்தாம் பயஸ், துணிக்குப் பதிலாக உலோகப் பதக்கத்தை அணிந்துகொள்ள அனுமதித்தார். துணியே மேலானது என்ற தம் விருப்பத்தையும் மறைக்கவில்லை. நம் ஊர் வெயிலில், வியர்வையில் நனைந்த கம்பளித் துண்டு முதுகில் உறுத்தும் உறுத்தலை அனுபவித்தவர்கள் அந்தச் சலுகைக்காக நன்றி செலுத்துவார்கள் என்பதில் சந்தேகமில்லை. எனக்கென்னவோ, அந்த உறுத்தலும் நினைவூட்டலில் ஒரு பாதி என்றே படுகிறது.

அணிந்திருப்பது சின்னமா தாயத்தா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் தீர்மானிக்க இயலாது. அணிந்தவர் மட்டும் அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அது தொலைந்துபோனால் மனம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். தாயின் புகைப்படத்தைத் தொலைத்த வருத்தம் போன்ற வருத்தம் வந்தால் பாதகமில்லை. இன்றைக்கு என்ன விபத்து நேருமோ, பரீட்சையில் என்ன ஆகுமோ என்ற பயம் வந்தால், கழுத்தில் இருந்தது இன்னது என்பது விளங்கிவிடும். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், புனிதக் குறிகளின் பயனை அவை வேண்டும் உள்மனநிலையிலிருந்து பிரித்து, வெளிச் செய்கைக்கே உரியதாக்குவதை மூடநம்பிக்கை என்று பெயரிட்டே கூறுகிறது. படிக்காத ஏழைகளை மட்டும் நினைத்து எழுதிய வாக்கியம் அன்று அது. மோட்டார் வண்டியின் கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுவிட்டு, சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறக்கும் கனவான்களுக்கும் அது பொருந்தும்.

பாட்டிமாரைக் காட்டிலும் என் மனத்தாங்கல் திருத்தலத்துக் கடைகளின் மீதே அதிகம். மந்திரித்த ஜெபமாலையை விலைக்கு விற்றால் அதனோடு இணைந்த ஞானப்பலன் அற்றுப்போகும் என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு விதித்திருந்தது. விசுவாசத்தை விலைப்பொருளாக்கும் கையைக் கட்டுவதற்கு அதைவிட நேரான வழி இருந்திருக்க முடியாது. இன்றோ பதக்கத்தோடு கூட வரும் அச்சடித்த தாளில், கடன் தீரும், விவாகம் கூடும், வெளிநாட்டு வேலை கிடைக்கும் என்பன போன்ற வாக்குறுதிகள் பக்கம் நிறையக் காணப்படுகின்றன. அணிபவர் செய்யவேண்டியது இன்னதென்று ஒரு வரியும் இல்லை. அந்தத் தாளை மாற்றி அச்சிடும்படி திருத்தலத்தை நிர்வகிக்கும் குருக்கள் கடைக்காரர்களுக்குக் கட்டளையிடலாம்: காலையும் மாலையும் சொல்லவேண்டிய ஜெபம், பகைத்தவரோடு ஒப்புரவு, கொடுக்கவேண்டிய கூலியைக் கொடுத்தல் என்று நாலு வரி போதும். விற்பனை குறைந்துவிடும் என்று கடைக்காரர்கள் முறையிடக்கூடும், குறையட்டும்.