திரும்பி வராத பத்து ரூபாய்

ஒரு கம்பெனி தன் குப்பையை ஒழுங்காகக் கையாளுகிறதா என்று ஆய்வு செய்யப் போகிறவர்கள் முதலில் பின்கட்டுக்குப் போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்ப்பார்கள். டாஸ்மாக் கடையில் அப்படிப் பார்த்தால் ஒன்றும் சிக்காது. அட்டைப்பெட்டிகளுக்கு எப்போதும் விலை உண்டு, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வியாபாரத்தின் உண்மையான குப்பையான பாட்டில், சரக்கு வாங்கியவர் கையோடு வெளியே போகிறது. கொல்லிமலையில் அது மிளகுக் கொடிக்கும் காபிச் செடிக்கும் நடுவில், மரவள்ளிக் காட்டில், கொண்டை ஊசி வளைவின் ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுகிறது. அதைப் பொறுக்க வேண்டிய வேலை ஊராட்சியின் தூய்மைக் காவலருக்கு வந்து சேர்கிறது. மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்வது அங்கே மாடு மேய்க்கிறவர்.

2024-25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2003 முதல் மாநிலத்தில் சில்லறை மது விற்பனை முழுக்க இந்த ஒரே நிறுவனத்தின் கையில். இவ்வளவு பெரிய கடைக்காரருக்குக் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கத் தானாகத் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நீலகிரியில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைப் பதம் பார்க்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகே, 2022 மே மாதம் அங்கே திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவது, ஸ்டிக்கரோடு காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருவது, அவ்வளவுதான் திட்டம். அதே ஆண்டு கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைப்பகுதிக் கடைகளுக்கும் வந்தது. கொல்லிமலையில் யானை கிடையாது. மனிதர்களின் கால் போதாதா என்று யாரும் அதுவரை கேட்கவில்லை!

பத்து ரூபாய் என்ற தொகையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2019இல் ஆவின் காலி பால் கவருக்கு 10 பைசா தருவதாக அறிவித்தார்கள். உங்கள் வீட்டில் எத்தனை கவரைத் திருப்பிக் கொடுத்தீர்கள்? பத்து பைசாவுக்கு யாரும் குனியமாட்டார்கள், பத்து ரூபாய்க்குக் குனிவார்கள். குடித்தவரே கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. போதையில் அவர் வீசிவிட்டுப் போகட்டும், பின்னால் வருகிறவர் எடுப்பார். 2025-26இல் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். 34 பாட்டில் பொறுக்கினால் அதைத் தாண்டிவிடலாம். சீக்குப்பாறைக் காட்சிமுனைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை 34 பாட்டில் பெரிய எண்ணிக்கையா என்ன?

ஆனால் ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, அடிவாரம். காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் சுற்றுலாக்காரர் மேலே சோளக்காட்டுக்கோ செம்மேட்டுக்கோ வந்து கடை தேடும் ஆள் இல்லை. நாமக்கல், சேலம், திருச்சி என்று வரும் வழியிலேயே வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு, 70 வளைவுகளையும் ஏறி வருகிறார். சமவெளிக் கடைகளுக்குத் திட்டம் வராத காலத்தில் அந்தப் பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்காது. மலைக்கடைக்குக் கொண்டுபோனால் பத்து ரூபாய் கிடைக்காது. அப்படிப்பட்ட பாட்டிலுக்காக யார் பள்ளத்தில் இறங்குவார்கள்? மாநிலம் முழுக்கத் திட்டத்தைக் கொண்டுவர 2025 நவம்பர் கடைசி வரை கெடு வைத்தார்கள். ஒரு மலையின் குப்பையை அந்த மலையில் மட்டும் வேலி போட்டுத் தடுக்க முடியாது என்பது விளங்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இரண்டாவது, உடைந்த பாட்டில். அதற்குப் பணம் இல்லை. முழு பாட்டிலை விட உடைந்த பாட்டில்தான் ஆபத்து, அதைத்தான் திட்டம் தொடுவதே இல்லை. உடைந்த கண்ணாடியை உலையில் சேர்த்தால் எரிபொருள் மிச்சம் என்பது கண்ணாடித் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கிலோவுக்கு ஒரு விலை வைத்து உடைசலையும் வாங்கலாம். மலைக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரி இறங்கும்போது இடம் காலியாகத்தானே இருக்கும்?

மூன்றாவதைச் சொன்னால் கடை ஊழியர்கள் என்னோடு சேர்ந்துகொள்வார்கள். ஏற்கெனவே நெருக்கடியான கடையில், சாராய வாடை வீசும் காலி பாட்டில்களை வாங்கி, எண்ணி, ஸ்டிக்கர் பார்த்து, மூட்டை கட்டுவதும் அதே சூப்பர்வைசரும் சேல்ஸ்மேனும்தான். இதற்குத் தனி ஆளும் இடமும் கொடுங்கள் என்று சங்கங்கள் போராடியிருக்கின்றன. அது நியாயமான கோரிக்கை. கோடிகளில் புரளும் நிறுவனம் தன் குப்பை வேலையைச் சம்பளமில்லாத கூடுதல் வேலையாகத் தன் கடைநிலை ஊழியர் தலையில் கட்டினால், மலைக்கிராமத்தின் மீது கட்டியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பாட்டிலோடு சேர்ந்து போகும் தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், சைடு டிஷ் கவர் பற்றி இன்னும் பேச்சையே காணோம். 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட டம்ளர் இன்னும் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று மலையில் கேட்டால் குழந்தையும் கை காட்டும்.

இந்தத் திட்டத்திலேயே அருமையான ஒரு தணிக்கை ஒளிந்திருக்கிறது, அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை. விற்ற ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் வாங்கியாயிற்று. திரும்பிய பாட்டிலுக்குத் தந்தாயிற்று. மீதி நிற்கும் தொகையைப் பத்தால் வகுத்தால், அந்தக் கடையிலிருந்து போய்த் திரும்பி வராத பாட்டில்களின் எண்ணிக்கை வந்துவிடும். ஆலோசனை நிறுவனமும் வேண்டாம், ட்ரோனும் வேண்டாம், கடைக் கணக்குப் புத்தகம் போதும். நீதிமன்றத்துக்கு மாநில அளவில் சதவீதம் சொன்னால் அழகாக இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு வந்துவிட்டது என்பதைக் கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. மீதிப் பத்து எந்த ஊர்க் காட்டில் கிடக்கிறது என்பதைத்தான் கடைவாரியாக வெளியிட வேண்டும். அந்தப் பணம் அந்த மலையின் பணம். ஆகாய கங்கை அருவிக்குக் கீழே ஐயாறு புளியஞ்சோலைக்கு இறங்குகிறது, மேலே வீசியது கீழேயும் வந்து சேரும். மேலே கிடப்பதைப் பொறுக்குவதற்கான கூலி அந்த மிச்சத் தொகையிலிருந்து போக வேண்டும்.

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவுக்குக் கூடும் கூட்டம் கலைந்த இரண்டே வாரத்தில் ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. வளப்பூர் நாடானாலும் வாழவந்தி நாடானாலும் அங்கே போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைத் தீர்மானமாக எழுதி வையுங்கள்: எங்கள் மலைக்கடைகளில் திருப்பிக் கொடுக்கப்படாத பத்து ரூபாய்கள் எத்தனை, அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?