ஊசி ஒன்று, வாசல் இரண்டு

2021 ஜூலை முதலாந் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தின் கொவிட் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய மருந்து முகவரகம் அங்கீகரித்த தடுப்பூசிகளை உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்கவேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் மட்டும் அங்கீகரித்தவற்றை ஏற்பதும் மறுப்பதும் அவ்வந்நாட்டின் விருப்பமாக இருந்தது. அஸ்ட்ராசெனெகா முதலாவது பட்டியலிலே இருந்தது. அதே மருந்தைப் புனே நகரிலே செய்து கொவிஷீல்ட் எனப் பெயரிட்டால், இல்லை!

நம் நாட்டில் முதன்முதல் ஏற்றப்பட்டது இதுவே. கோவக்ஸ் திட்டம் 2021 பெப்ரவரியிற் கானாவுக்கு அனுப்பிய 600,000 ஊசிகளும் இவையே. அத்திட்டத்துக்குப் பணம் ஈந்தோருள் ஐரோப்பியரும் உளர். தாம் ஈந்த மருந்தை ஏற்றிக்கொண்டவனையே தம் வாசலில் ஐயுற்றனர். தானத்துக்கு ஏற்ற மருந்து, தம் தெருவில் நடமாட ஏற்றதன்று போலும்!

தொற்றுநோய்க் காலத்தில் எல்லையிற் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கிருமி தொழிற்சாலையின் முகவரியைப் படித்தா தொற்றுகிறது?

பிரித்தானியாவின் கதை இன்னும் விநோதமானது. அது கொவிஷீல்டை ஏற்றது. இந்தியா வழங்கிய சான்றிதழை ஏற்கவில்லை. 2021 ஒக்டோபர் 4 முதல் பிரித்தானியப் பயணிகளுக்குப் பத்து நாள் தனிமைப்படுத்தலை இந்தியா விதித்தது. ஒக்டோபர் 11 முதல் சான்றிதழ் செல்லுபடியாயிற்று. அவ்வொரு வாரத்தில் விஞ்ஞானம் புதிதாக எதைக் கண்டுபிடித்தது? டில்லிக்குத் திருப்பியடிக்கும் வலு இருந்தது. அவ்வலு கானாவுக்கு உண்டா? நமக்குத்தான் உண்டா?