42-இல் 17 போனால் 35

பி.எட். வகுப்புகளிலும் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளிலும் அடிக்கடி காதில் விழும் பாடம் ஒன்று உண்டு. சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், இன்னும் சிலர் செய்து பார்த்துக் கற்பவர்கள்; யார் எந்த வகை என்று கண்டுபிடித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்பது அந்தப் பாடம். இந்த வகைகளுக்குக் 'கற்றல் பாணி' என்று பெயர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே அச்சில் எல்லோரையும் வார்க்கும் பள்ளிக்கூடத்தின் மீது நமக்குள்ள பழைய கோபத்துக்கு அது தீனி போடுகிறது. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 242 ஆசிரியர்களிடம் கேட்டு 2012-இல் வெளியான ஆய்வில், 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இதை உண்மை என்றே நம்பினார்கள். ஆனால் நம்பிக்கை எவ்வளவு பரவலோ, ஆதாரம் அவ்வளவு சொற்பம். 2004-இல் கல்வியியலாளர் ஃபிராங்க் காஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய வகைப்பாடுகளை எண்ணிப் பார்த்தபோது 71 கிடைத்தன. ஒரே நோய்க்கு 71 மருத்துவர்கள் 71 பெயர் சொன்னால், அப்படியொரு நோய் இருக்கிறதா என்ற சந்தேகம்தானே முதலில் வரும்?

இந்தக் கருத்தைச் சோதிக்கும் வழி எளிது. பிள்ளைகளை 'பார்ப்பவர்', 'கேட்பவர்' என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேருக்குப் படத்தாலும் மீதிப் பேருக்குப் பேச்சாலும் ஒரே பாடத்தை நடத்தி, எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். பார்ப்பவர்கள் படத்தால் படித்தபோதும், கேட்பவர்கள் பேச்சால் படித்தபோதும் அதிக மதிப்பெண் பெற்றால் கருத்து சரி. அமெரிக்க உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று சகாக்களும் 2008-இல் இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடினார்கள். இப்படி முறையாகச் சோதித்தவையே மிகச் சில. அவற்றிலும் பல, கருத்துக்கு நேர்மாறான முடிவையே தந்திருந்தன. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நூலைப் பெரியவர்களில் சிலர் ஒலிவடிவில் கேட்டார்கள், சிலர் திரையில் வாசித்தார்கள். தமக்குப் பிடித்த வழி கிடைத்தவர்கள் அதனால் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

'எனக்குப் படம் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்' என்பவர் பொய் சொல்லவில்லை. அது அவருடைய விருப்பம். விருப்பம் வேறு, கற்றல் வேறு. கற்பிக்கும் வழியை முடிவு செய்ய வேண்டியது பெரும்பாலும் பிள்ளையின் வகை அல்ல, பாடத்தின் இயல்பு. காவிரி எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பதை எத்தனை சொன்னாலும் வரைபடம் போல வராது. ழகரத்தையோ கேட்டுத்தான் பழக வேண்டும், நாக்கை மடித்துச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். 'பார்த்துக் கற்கும் பிள்ளை' என்பதற்காக அட்டையில் ழ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தால் அது 'பளம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் பிள்ளைகளுக்குள் வேறுபாடே இல்லையா? நிறையவே இருக்கிறது. நாம்தான் அதைத் தப்பான இடத்தில் தேடுகிறோம். மூன்றாம் வகுப்பில் 42-இல் 17-ஐக் கழிக்கச் சொன்னால், 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. இரண்டில் ஏழு போகாது என்றதும் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து, நான்கில் ஒன்று போக மூன்று. அந்த விடை நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது: 42 என்பது நான்கு பத்தும் இரண்டு ஒன்றும் என்பது இந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்கு வேண்டியது, பத்துப் பத்தாக ரப்பர் போட்ட குச்சிக் கட்டு நான்கும் உதிரிக் குச்சி இரண்டும். ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு குச்சி எடுக்க முடியும் என்பதைக் கை கண்டுகொள்ளும். இது 'செய்து கற்கும்' பிள்ளைக்கு மட்டுமான வைத்தியமல்ல. இந்த இடத்தில் இடறும் எந்தப் பிள்ளைக்கும் இதேதான். பக்கத்தில் சரியாக 25 எழுதியிருக்கும் பிள்ளைக்குக் குச்சி வேண்டாம், அடுத்த கணக்குதான் வேண்டும். கல்வித் தொண்டு அமைப்பான பிரதம் மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கற்பித்ததை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். தேர்வு மதிப்பெண்கள் கணிசமாக உயர்ந்திருந்தன. அங்கே யாரும் பிள்ளைகளிடம் 'நீ கண்ணா, காதா' என்று கேட்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியுமா, எண் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

வாசிப்பில் இடர்ப்பாடுள்ள பிள்ளை, பார்வையற்ற பிள்ளை ஆகியோரின் நிலை என்ன என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தனி ஏற்பாடு கட்டாயம் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. அது உடலும் நரம்பும் சார்ந்த, மருத்துவமும் சட்டமும் ஏற்ற தேவை. வினாத்தாளில் டிக் அடித்துக் கண்டுபிடிப்பதல்ல. அறிவு ஒன்றல்ல, பல வகை என்னும் உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். கற்றல் பாணியும் தம் கோட்பாடும் ஒன்றல்ல என்று கார்ட்னரே எழுதிவிட்டார். அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையின் விரல்ரேகையைப் பதிந்து, எந்த வகை அறிவு என்று அறிக்கை தந்து, ஆயிரக்கணக்கில் கறக்கும் வியாபாரத்தைப் பெற்றோர் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: நிலை பார்த்துப் பிரிப்பதும் முத்திரை குத்துவதுதானே? தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பெயர் அழகாக இருந்தாலும், எது கடைசி வரிசை என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆபத்து உண்மையானது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நிலை என்பது மாறுவதற்காகவே வைத்தது. ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை டிசம்பரிலும் அரும்பிலேயே இருந்தால், தலைமையாசிரியரிடம் பெற்றோர் போய் ஏன் என்று கேட்கலாம். 'உங்கள் பிள்ளை கேட்டுக் கற்கும் வகை' என்று சொல்லி அனுப்பினால், அந்தப் பெற்றோர் எப்போது, யாரிடம் போய் என்ன கேட்பது?